எதிரிக்கு அனுப்பிய வருகை அறிவிப்பு

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு விண்வெளிப் போர் தானாக வந்துவிடும் என்று நம்பினேன். இதுவும் கப்பல், அதுவும் கப்பல். தண்ணீர்தான் இல்லை. (எனக்கு நீச்சல் தெரியாது என்பதால் அது கூடுதல் வசதியாகவும் பட்டது.) அந்த நம்பிக்கையால், என் மனைவி கனகம் நான்கு மாதம் பாடுபட்டுக் கட்டிய விண்வெளி நிலையம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கை காய்வதற்குள் தூளாகிப் போனது. சொல்லிச் சொல்லி இப்போது வெட்கம்கூட வருவதில்லை. அலுப்புதான் வருகிறது.

அது கைபேசியில் ஆடுகிற விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. 'ஜம்ப்' என்று அடித்தால் கப்பல் தாவும், 'ஃபயர்' என்று அடித்தால் சுடும். எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் ஆடுகிறார்கள். எங்கள் அணியில் மூன்றே பேர்: நான், கனகம், உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் சுடலை அண்ணாச்சி. உலை கொதிக்கிற நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் என்று பார்த்துப் பார்த்து, விளையாட்டுக்குள் விண்கல் தோண்டி, யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கனகம் அந்த நிலையத்தைக் கட்டியிருந்தாள். இருக்குமிடம் எவருக்கும் தெரியாது என்பதுதான் அதற்கு இருந்த ஒரே காவல்.

"நீரு துறைமுகத்துக்காரரு. நீரே கேப்டனா இரும்வே" என்றார் அண்ணாச்சி. கனகம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். (அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.)

பதவி வந்தால் சும்மா இருக்க முடியுமா? 'போர் உத்திகள்' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நுழைகிற இடத்தை முதலில் ஸ்கேன் செய். திரும்பி வர எரிபொருள் மிச்சம் வை. தனியாக ஓடுகிறவனைத் துரத்தாதே, அவன் உன்னை எங்கோ கூட்டிக்கொண்டு போகிறான். இவையெல்லாம் இன்றைக்கும் உருப்படியான யோசனைகள்தான், ஏனென்றால் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியவை. என் சொந்தச் சரக்கு ஒன்றே ஒன்று: எந்த மண்டலத்துக்குள் போவதானாலும், பொது அலைவரிசையில் முன்கூட்டியே வருகை அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

துறைமுகத்தில் அப்படித்தான். கப்பலின் பெயர், வரும் நேரம், சரக்கு, கடைசியாகக் கிளம்பிய துறைமுகம் எல்லாம் முன்னாலேயே வந்துசேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சொல்லிட்டா சண்டைக்குப் போவாங்க?" என்றாள் கனகம்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா, ஏளா. சொல்லாம ஒரு கப்பல் உள்ள வருமா?"

"அங்கன வாரவன் சரக்கு எறக்க வாரான். நாம என்னத்த எறக்கப் போறோம்?"

எதிரி ஒருவன் தங்கியிருந்த மண்டலத்துக்கு, கேப்டன் அறிவிப்பைப் போட்டார். மூன்று கப்பல்கள். ஏழாம் மண்டலம். வருகை பிற்பகல் மூன்று மணி. சரக்கு, ஏவுகணை. கடைசித் துறைமுகம் என்ற இடத்தில் எங்கள் நிலையம் இருக்கும் மூலையைப் புள்ளி பிசகாமல் எழுதினேன். ஒரு நிமிடத்தில் எவனோ, 'நன்றி கேப்டன், குறித்துக்கொண்டேன்' என்று ஆங்கிலத்தில் பதில் போட்டான்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதயா சொல்லுதான்" என்று கனகத்திடம் காட்டினேன்.

மூன்று மணிக்கு ஏழாம் மண்டலத்துக்குள் பாய்ந்தோம். அண்ணாச்சி போனில் கேட்டார்: "என்னவே, இங்கன ஒரு கல்லு மட்டும்தான் கெடக்கு. இதயா சுடணும்?"

நான் வாயைத் திறக்கும் முன் கனகம் சொன்னாள்: "நம்ம நிலையத்துக்கிட்ட எவனோ நிக்கான்."

அதற்கப்புறம் எனக்கு வந்ததைப் பதற்றம் என்று சொன்னால் பதற்றம் கோபித்துக்கொள்ளும். கனகத்தின் கப்பல் கல் தோண்டுகிற கப்பல், ஆமை வேகம். அண்ணாச்சிக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. நான் மட்டும் ஜம்ப் அடித்து நிலையத்துக்குத் திரும்பினேன். கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. சாம்பார்க் கை வேறு திரையில் வழுக்கியது. ஃபயர், ஃபயர் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். விரல் வலித்தது. கடைசியில், 'நிலையம் அழிந்தது' என்று ஒரு வரி வந்து நின்றது.

"நாலு மாசம்" என்றாள் கனகம். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

குறைந்தது நாற்பது கப்பல்கள் வந்தன என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆபீசிலும் அதையே சொன்னேன். இப்போது நான் காய்கறி வாங்கப் பையை எடுத்தாலே, "வருகை அறிவிப்பு குடுத்தாச்சா?" என்கிறாள் கனகம். ஊரிலிருந்து வரும் மைத்துனர்கள்கூட பஸ் ஏறியதும் எனக்குப் போன் போட்டு, சரக்கு என்ன, எங்கிருந்து கிளம்பினோம் என்று விவரமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த விளையாட்டு நடந்ததையெல்லாம் வரி வரியாகப் பதிந்து வைக்கும். சொன்னால் நம்பமாட்டேன் என்று, மறுநாள் கனகம் என் கண்ணாடியைத் தேடிக் கொடுத்துவிட்டுத்தான் அதைக் காட்டினாள். சுடும்போது எந்த இலக்கு என்று எண் போடாவிட்டால், மிக அருகில் இருப்பதன் மேல்தான் குண்டு பாயும். எனக்கு மிக அருகில் இருந்தது எங்கள் நிலையம். வந்திருந்தது ஒரே ஒரு கப்பல். அது இரண்டு முறை சுட்டது. இரண்டும் குறி தவறின. நிலையத்தில் பட்ட பதினேழும் நான் சுட்டவை.