வெல்வெட் கோட்டுக் காவல்

உலகத்தில் நீதி நிலைக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் கறுப்பு வெல்வெட் கோட்டும் வெள்ளைப் பட்டுக் காலுறையும் மாட்டிக்கொண்டே ஆக வேண்டும். ஆல்டர்கோம்ப் நகரம் செய்த புண்ணியம், இந்தத் தியாகத்துக்கு ஆம்ப்ரோஸ் ஹேதர்லி முன்வந்தார். இங்கிலாந்து மன்னரே, பழைய வழக்கப்படி, பட்டியலில் அவர் பெயருக்கு நேரே வெள்ளி ஊசியால் குத்தித் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கு மாவட்டத்தின் ‘ஹை ஷெரிஃப்’ ஆக்கியிருந்தார். சம்பளம் கிடையாது. அதிகாரமும் கிடையாது. வாள் மட்டும் உண்டு.

பொதுச்சேவை அவருக்குப் புதிதல்ல. முன்பு சிக்கனக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊரின் ஒரே போலீஸ் ஸ்டேஷன் ‘தேவைக்கு மிஞ்சியது’ என்று கண்டுபிடித்தவரே அவர்தான். மூடிய கட்டடம் பாழாகிவிடக் கூடாதே என்ற பரிவில் அதைத் தாமே வாங்கி, சொகுசு வீடுகளாக்கி விற்றார். லாக்கப் இருந்த இடத்தில் இப்போது யாரோ ஒயின் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அதற்கு நேர் எதிரே டோரீன் பக்கிளின் மளிகைக் கடை. ஸ்டேஷன் போனதிலிருந்து அங்கே பட்டப்பகலில் திருட்டு. இன்னொரு தடவை திருட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவள் ஷெரிஃபுக்குச் சொல்லியனுப்பினாள். சட்டம் ஒழுங்குக்கு மன்னர் வைத்த ஆளாயிற்றே என்று, பாவம், நம்பிவிட்டாள்.

ஆம்ப்ரோஸுக்கு மனம் உருகிவிட்டது. ‘வீரப் பாராட்டுச் சான்றிதழ்’ ஒன்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு, முழு அலங்காரத்தில் கடைக்கே எழுந்தருளினார்.

“உங்க மன உறுதியை இந்த மாவட்டமே பாராட்டுதும்மா.”

“மாவட்டத்துக்கு ரொம்ப நன்றி துரை. ஒரு கான்ஸ்டபிள் கிடைப்பாரா?”

“அது என் பொறுப்புல வராதே! வேணும்னா தோட்டத்து டீ விருந்துக்கு வாங்களேன்.”

“விருந்துக்கு நான் வந்துட்டா, திருட வர்றவங்களை யாரு கவனிக்கிறது?”

அப்போது சட்டையோடு சேர்ந்த முக்காட்டால் தலையை மூடிய இருவர் உள்ளே வந்தார்கள். தட்டில் இருந்த சீஸைப் பையில் அப்படியே வழித்துப் போட்டார்கள். ஆம்ப்ரோஸின் கை வாளின் பிடிக்குப் போயிற்று. இழுத்தார். வரவில்லை. அதுவும் கௌரவப் பதவியில்தான் இருந்தது.

“காலுறை ஜோரு, அண்ணே!” என்றான் ஒருவன்.

“நாடகம் எத்தனை மணிக்கு?” என்று மற்றவன் மரியாதையாக விசாரித்துவிட்டுப் போனான்.

டோரீன் போலீஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எங்கோ தொலைதூர நகரத்திலிருந்து ஒரு குரல் எடுத்தது.

“பதறாதீங்கம்மா. ஆள் வர்றதுக்கு அடுத்த வாரம் ஆயிடும். என்னென்ன திருடு போச்சு?”

சட்டம் தன் கடமையைச் செய்வதைக் கேட்டு ஆம்ப்ரோஸ் நிம்மதியாகத் தலையசைத்தார். டோரீன் காலித் தட்டைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தைப் பார்த்தாள்.

“மொதல்ல போலீஸ் ஸ்டேஷன் போச்சு சார். அப்புறம்தான் சீஸு.”

“ஸ்டேஷனா! எடுத்த ஆளைப் பாத்தீங்களா?”

“என் முன்னாடியேதான் நிக்கிறாரு.”

“அடையாளம் சொல்லுங்க.”

“கறுப்பு வெல்வெட் கோட்டு. வெள்ளைக் காலுறை. இடுப்புல நீளமா ஒரு வாளு.”

“வாளா? கிட்டப் போகாதீங்கம்மா! இப்பவே வண்டி கிளம்புது!”

இவ்வாறாக, ஆல்டர்கோம்ப் நகரத்துக்குப் போலீஸைத் திரும்பக் கொண்டுவந்த பெருமை ஆம்ப்ரோஸ் ஹேதர்லி ஒருவருக்கே உரியதாயிற்று. வந்தவர்களும் சரியான ஆளைத்தான் பிடித்தார்கள்.