வலக்கை மூலக்கூறும் என் இடுப்பும்

அன்புள்ள மருமகனுக்கு, உன் மாமா சொல்லச் சொல்ல அத்தை தட்டச்சு செய்வது. இங்கே என் இடுப்பு நீங்கலாக எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ போனை எடுத்திருந்தால் வெறுமனே நம்ப வேண்டியிருக்காது.

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் உருட்டிப் பார்க்கும் உங்கள் இலவச சாஃப்ட்வேரை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று நீதானே சொன்னாய்? மருந்துக் கடையிலேயே தலை நரைத்தவன் சும்மா இருப்பேனா? படுக்கையறையில் கம்ப்யூட்டர் மேசைக்கு இடம் பண்ண அத்தையின் கண்ணாடி பீரோவை நகர்த்தினேன். அது கட்டிலின் கால்மாட்டோடு நின்றுகொண்டது, நான் கட்டிலிலேயே விழுந்துவிட்டேன். “மல்லாந்து படுங்க, திரும்பவே கூடாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேசையோ தலைமாட்டில். அதற்காகப் பணி நிற்குமா? திரை நிறைய மூலக்கூறை வைத்து அத்தை மவுஸை உருட்ட, நான் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தேன். வலப்பக்கம் திருப்பச் சொன்னால் இடப்பக்கம் திருப்புகிறாள். கேட்டால், “வலதுலதான் திருப்புறேன், கண்ணைத் திறந்து பாருங்க!” என்று எரிந்து விழுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

அப்போதுதான் அந்தப் பிழை கண்ணில் பட்டது. நம் உடம்பில் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்கள் இடக்கை இனம். இடது கையுறையும் வலது கையுறையும் போல, அணுக்கள் அவையேதான், திரும்பியிருக்கும் பக்கம்தான் வேறு. உங்கள் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் வலக்கையாகக் காட்டுகிறது! உன்னைக் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. திறந்தவுடன் சாஃப்ட்வேர் வணக்கம் சொல்ல வேண்டும் என்று முன்பு நான் யோசனை சொன்ன கோபமாம், உன் அம்மா சொன்னாள். சரி என்று எல்லோரும் பார்க்கும் புகார்ப் பக்கத்திலேயே அத்தையை விட்டு எழுதிப் போட்டேன். “எங்களுக்குச் சரியாத்தானே தெரியுது” என்று ஆளுக்கு ஆள் மறுத்தார்கள். நான் விடவில்லை. கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கமான பிள்ளை, “ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று எங்கோ ஒரு கழித்தல் குறியைப் போட்டு எல்லாவற்றையும் திருப்பிவிட்டது. புதிய பதிப்பும் இன்று வெளிவந்துவிட்டது.

பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறதாம். அத்தையை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கடையை மூடிய பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை, மருமகனே. கண் கலங்கிவிட்டது. (தட்டச்சு செய்பவள் சிரிக்கிறாள்.)

திங்கட்கிழமை கல்லூரிக்காரர்கள் முன் நீ இதைக் காட்டப் போகிறாயாம், அவர்களுக்குப் பிடித்தால்தான் உனக்கு அங்கே வேலையாம். கவலையை விடு. மாமா பார்த்துக்கொண்டேன்.

எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
படுத்த இடத்திலிருந்தே பங்களித்த
உன் மாமா

பி.கு.: கடிதத்தை அடித்து முடித்த அத்தை, “சரியா இருக்கான்னு பாருங்க” என்றாள். பார்த்தேன். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பி நின்றன. இத்தனை நாளும் நான் திரையைப் பார்த்தது கால்மாட்டு பீரோக் கண்ணாடியில். மூலக்கூறில் எழுத்து இல்லாததால் தெரியவில்லை. இப்போது உலகம் முழுக்கத் தப்பாகத் தெரிகிறது, எங்கள் பீரோவில் மட்டும் சரியாக இருக்கிறது. “கண்ணைத் திறந்து பாருங்கன்னு அப்பவே சொன்னேனே!” என்கிறாள் அத்தை. திங்கட்கிழமைக்குள் அந்தக் கழித்தல் குறியை எடுத்துவிடு. முடியாவிட்டால் சொல், பீரோவை அனுப்பி வைக்கிறேன். குறியை எடுக்கும்போது, என் பெயரை மட்டும் எடுத்துவிடாதேப்பா.