சுவரில் மாட்டிய ஜப்பானியக் கவிதை

தெரியாத மொழியில் அழகாக எழுதியிருப்பதெல்லாம் கவிதைதான் என்று நம்புகிற வியாதி எனக்கு இருந்தது. துபாய் வந்த புதிதில், கடைக்காரர் ஒருவர் கையால் அரபியில் எழுதி வைத்திருந்த பலகையை ரொம்ப நேரம் நின்று ரசித்தேன். "ஒவ்வொரு எழுத்தும் அன்னம் மாதிரி நீந்துதுங்க" என்று கணவரிடம் சொல்லி, காரை அதன் கீழேயே நிறுத்தச் சொன்னேன். "இங்கே வண்டி நிறுத்தாதே" என்பதுதான் அந்த அன்னத்தின் அர்த்தம் என்று காற்றுப்போன டயரைப் பார்த்த பிறகு தெரிந்தது. அத்தோடு திருந்தியிருக்கலாம். திருந்தவில்லை.

நாங்கள் கராமாவில், மதுரைக்காரர்களுக்கே கொஞ்சம் நெருக்கடியாகத் தோன்றும் ஒரு பழைய ஃப்ளாட்டில் இருந்தோம். கணவர் சுந்தர், ஜப்பான்காரர்கள் நடத்திய ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. மகள் நிவேதா நாலாவது படித்தாள். நான் வீட்டில் குவில்ட் தைத்துக்கொண்டிருந்தேன். துண்டு துண்டான துணிகளை ஒட்டித் தைத்து, நடுவில் மெல்லிய பஞ்சு வைத்து, பின்னால் லைனிங் கொடுத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத் தையல் போடுகிற வேலை. (ஐம்பது டிகிரி வெயில் அடிக்கிற ஊரில் பஞ்சு வைத்த போர்வை எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு ஏசியை நீங்கள் பார்த்ததில்லை.)

மேல் மாடியில் ஜமீலா ராத்தா. கீழக்கரைக்காரர்; அந்தப் பக்கம் அக்காவை ராத்தா என்பார்கள். அவர் கணவருக்கு தேராவில் துணிக்கடை. ஒருநாள் ராத்தா ஒரு பொதியோடு வந்தார்.

"ரேவதி, இதைப் பாரும்மா. அல் கூஸ் குடோன்ல மச்சான் ஒரு லாட்டு எடுத்தாஹ. ஜப்பான் காட்டன். நீளமா துண்டு துண்டா இருக்கு, ஓரம்கூட அடிக்கல. கடையில ஒருத்தரும் வாங்க மாட்டேங்குறாஹ. உனக்கு ஆகுமா?"

பிரித்துத் தரையில் விரித்தேன். ஒரு சாண் சொச்சம் அகலம், ஒரு கஜத்துக்குக் குறையாத நீளம். சிவப்பும் வெள்ளையுமாகப் பூக்கள், நீந்தும் தங்கமீன்கள், உதிரும் இலைகள், பனியில் உட்கார்ந்திருக்கும் முயல்கள். இதற்கு 'தெனுகுய்' என்று பெயர், ஜப்பானில் கை துடைக்கிற துண்டுதான், ஆனால் நல்ல சித்திரம் போட்டதைப் பருவத்துக்கு ஒன்றாக வீட்டுச் சுவரில் மாற்றி மாற்றி மாட்டுவார்கள் என்று கம்ப்யூட்டரில் தேடித் தெரிந்துகொண்டேன். வசந்தத்துக்குப் பூ, கோடைக்கு மீன், இலையுதிர்காலத்துக்கு இலை, குளிருக்கு முயல். துபாயில் இரண்டே பருவம்தான்: வெயில், ஏசி ரிப்பேர். அதனால் நான்கையும் ஒரே குவில்ட்டில் சேர்த்துவிட்டால் வருஷம் முழுக்கக் கவலையில்லை என்று முடிவெடுத்தேன்.

பொதியில் ஒன்று மட்டும் தனி. கருநீலத் துணி, அதில் வெள்ளையில் தடித்த தூரிகை எழுத்து. சித்திரமே கிடையாது.

"இதுல என்ன எழுதியிருக்கு ராத்தா?"

"யாருக்குமா தெரியும்? நல்லதாத்தான் இருக்கும். கெட்டதை இம்புட்டு அழகா எவன் எழுதுவான்?"

எனக்கு அந்த வாதம் அசைக்க முடியாததாகத் தெரிந்தது. பூவும் மீனும் இலையும் முயலும் சுற்றி வர, நடுவில் அந்தக் கருநீலம். ஹாலில் பழைய ஏசி இருந்த ஓட்டையைப் பிளைவுட் அடித்து மூடியிருந்தார்கள். அந்த அவலட்சணத்தை மறைக்க, அதன் மேலேயே மாட்டினேன். மிச்சத் துணியில் சோபா குஷன், மேஜை விரிப்பு, பாத்திரம் பிடிக்கிற துணி. வீட்டில் பால் பாக்கெட்டுக்கு மட்டும்தான் உறை தைக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கெட்ட காலம் தொடங்கியது. 2008 முடிந்து 2009 பிறந்த சமயம். தினமும் யாருக்காவது வேலை போன செய்தி. காரை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுச் சொல்லாமல் ஊருக்குப் போனவர்களைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னார்கள். ஒருநாள் மாலை சுந்தர் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கவாடா சான் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாராம். வியாழக்கிழமை. மிஸஸோட."

கவாடா சான் ('சான்' என்றால் நம் 'சார்' மாதிரி) அவருடைய மேலாளர். அவர் காரிடாரில் நடந்தால் டைப் அடிக்கிற சத்தம்கூட மரியாதையாகக் குறையுமாம்.

"நல்லதுதானேங்க?"

"என்னடி நல்லது? போன மாசம் தாமஸ் வீட்டுக்குப் போனாரு. மீன் குழம்பு சாப்பிட்டாரு. மறுநாள் தாமஸ் சீட்டு காலி. அதுக்கு முன்னாடி ஸ்டோர்ஸ் ரஃபீக். அவன் வீட்டுல பிரியாணி. மனுஷன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அப்புறம்தான் சொல்றாரு."

வேலை போனால் விசா போகும். விசா போனால் நிவேதா பள்ளிக்கூடம் பாதியில். மதுரையில் பாதி எழும்பி நிற்கிற வீடு. சுந்தர் அன்று முதல் சரியாகச் சாப்பிடவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும். செய்தி சொல்ல வருகிற மனிதர் மனம் இளகி, சொல்லாமலே திரும்பிப்போகிற மாதிரி ஏதாவது.

என் கண் சுவரில் இருந்த குவில்ட்டின் மேல் போனது. ஜப்பானே வியக்கப்போகிறது என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் அப்போது தெரியாது, உங்களுக்காவது தெரிந்திருக்கட்டும். ஜப்பானில் கம்பெனிகள் புது வருஷத்துக்கு வாடிக்கையாளர்களுக்குத் தங்கள் பெயர் அச்சடித்த தெனுகுய் கொடுப்பதுண்டாம். என் கருநீலத் துணியில் இருந்தது இதுதான்: "எலி, கரையான், கரப்பான் பூச்சி. எவ்வளவு மோசமான வீடானாலும் ஒழித்துத் தருவோம். உடனே கூப்பிடுங்கள்."

வியாழக்கிழமை வந்தார்கள். கவாடா சான் ஒல்லியாக, இஸ்திரி போட்ட மாதிரி இருந்தார். அவர் மனைவி சின்ன உருவம், ஆங்கிலம் அவ்வளவாக வராது, சிரித்துச் சிரித்துத் தலை குனிந்தார். செருப்பைக் கழற்றி வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தவர்கள், குவில்ட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள்.

கவாடா சான் ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் படித்தார். மனைவியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தரையில் வைத்த கைப்பையை மெதுவாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உருகிட்டாருங்க" என்று சுந்தர் காதில் சொன்னேன். சுந்தர் முகத்தில் ரத்தமே இல்லை.

எல்லோரும் உட்கார்ந்தோம். பேச்சு ஆங்கிலத்தில்தான். அவர் ஆங்கிலத்தில் பாதி வார்த்தை இருக்காது, என் ஆங்கிலத்தில் பாதி இலக்கணம் இருக்காது. அவர் சுவரைக் காட்டி, மிகவும் இரக்கமான குரலில் கேட்டார்:

"இது... ரொம்ப நாளாக இருக்கிறதா?"

"ரெண்டு வருஷமா சார்!" என்றேன். குவில்ட் தைக்கிற பழக்கத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "முதல்ல சின்னதா ஒண்ணு ரெண்டுதான். அப்புறம் நிறுத்தவே முடியலை. இப்ப வீடு முழுக்க!"

அவர் கால்களைச் சற்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"சமையலறையிலும்?"

"அங்கதான் சார் ஜாஸ்தி. சூடான பாத்திரத்தை அதை வெச்சுத்தான் பிடிப்பேன்."

கவாடா சான் இதை மனைவிக்கு மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

"அதற்கு... ஆட்களைக் கூப்பிடவில்லையா?"

"எதுக்கு சார்? எல்லாம் என் கையாலதான். மத்தியானம் உக்காந்தா ஒண்ணொண்ணா முடிச்சிடுவேன். சின்னதையெல்லாம் அக்கம்பக்கம் கொடுத்திடுவேன். என் பொண்ணு ரெண்டு மூணு ஸ்கூலுக்குக் கொண்டுபோய் டீச்சருக்குக் கொடுத்தா. டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம்!"

(சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதுதான் இதில் கொடுமை.)

சாப்பாட்டைச் சோபாவிலேயே உட்கார்ந்து சாப்பிடும்படி சின்ன மேஜையில் பரிமாறினேன். எலுமிச்சைச் சாதம், வடை, டம்ளரில் ரசம். கவாடா சான் வடையை எடுத்து, அதன் ஓட்டை வழியே எதிர்ப்பக்கம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். எலுமிச்சைச் சாதத்தில் கிடந்த கடுகை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார். சுந்தர் என்னை வெறித்தார். 'சாப்பாடு பிடிக்கலை, போச்சு' என்று அந்தப் பார்வை சொன்னது. பேச்சைத் திரும்ப உற்சாகமான இடத்துக்குக் கொண்டுபோனால்தான் பிழைக்கலாம்.

"சார், நீங்க கவனிக்கவே இல்லையே!" என்றேன், என்னால் முடிந்த அளவு இனிமையாக. "இப்ப நீங்க உக்காந்திருக்கிறதே ஒண்ணு மேலதான்!"

குஷனைத்தான் சொன்னேன்.

அடுத்து நடந்ததை நிவேதா இன்றும் நடித்துக் காட்டுவாள். கம்பெனியே நடுங்குகிற அந்த மனிதர், உட்கார்ந்த நிலையிலிருந்து நேராக மேலே எழும்பி, சோபாவின் மீது இரண்டு காலாலும் நின்றார். ரசம் அவர் மனைவியின் வெள்ளைச் சட்டை மேல் கொட்டியது. நான் "ஐயோ" என்று மேஜை விரிப்பை உருவ, வடைகள் உருண்டன.

"எங்கே? எங்கே?" என்றார் கவாடா சான் சோபா மேலிருந்து.

"என்னது சார் எங்கே?"

அவர் சுவரைக் காட்டினார். எழுத்து எழுத்தாக விரலை வைத்து, மூச்சு வாங்க, ஆங்கிலத்தில் சொன்னார். எலி. கரையான். கரப்பான். எவ்வளவு மோசமான வீடானாலும். வருகிறவர்களை எச்சரிக்கத்தான் நாங்கள் அதை அவ்வளவு பெரிதாக மாட்டியிருக்கிறோம் என்று நினைத்தாராம். எங்கள் நேர்மையை உள்ளூர மெச்சிக்கொண்டும் இருந்தாராம்.

"சார், கவிதைன்னு நினைச்சேன்" என்றேன். சுந்தர் கண்ணை மூடிக்கொண்டார். "சத்தியமா சார், எங்க வீட்ல ஒரு பூச்சி கிடையாது. ஒண்ணே ஒண்ணுகூட..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. பிளைவுட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, குவில்ட்டின் ஓரமாக, நிதானமாக ஒன்று வெளியே வந்தது. நல்ல வளர்த்தி. முயலைத் தாண்டி, இலையைத் தாண்டி, கருநீலத் துணியின் நடுவில் போய் மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. கவாடா சான் சோபாவின் கைப்பிடி மேல் ஏறினார்.

அப்போது, மாலை முழுக்க ஒரு வார்த்தை பேசாத அவர் மனைவி எழுந்தார். என் கையிலிருந்த மேஜை விரிப்பை வாங்கி நான்காக மடித்தார். ஒரே அடி.

பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்து ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் அது எங்களுக்குப் புரிந்தது. உலகத்தில் எல்லா மனைவிகளும் சொல்வதுதான்: "இறங்குங்க கீழே."

முதலில் நிவேதா சிரித்தாள். அடுத்து அந்த அம்மாள், ரசம் சொட்டச் சொட்ட, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கவாடா சான் இறங்கி, சட்டையைச் சரி செய்து, வடையை எடுத்து முழுதாகச் சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். நானும் சிரித்தேன். போகும்போது அவர் வாசலில் நின்று சுந்தரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் தலை குனிந்துவிட்டுப் போனார்.

"சோபா மேல ஏறினதைப் பாத்துட்டோம்ல" என்றார் சுந்தர் கதவைச் சாத்தியபடி. "இனி கண்டிப்பா வேலை போச்சு."

அடுத்த வேலை நாளில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, குவில்ட்டைப் பார்க்காமல் இருக்க முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் போன் வந்தது.

"பஹ்ரைன் ஆபீஸ்ல ஒரு இடம் இருக்காம். சம்பளம் குறைவுதான். போறியான்னு கவாடா சான் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். அப்புறம் அவரே சொன்னாரு. 'அன்னிக்கு வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். உன் மனைவி பேச விடலை. ராத்திரியெல்லாம் சிரிச்சு, மறுநாள் காலையில உக்காந்து ஊர் ஊரா போன் பண்ணேன்'னாரு."

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். ஜமீலா ராத்தா செய்தி கேட்டு ஓடிவந்து, "பாத்தியா, நல்லதுதான் எழுதியிருக்கும்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார்.

பஹ்ரைனில் ஈசா டவுனில் குடியேறினோம். நிவேதாவுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே கிடைத்தது. எங்கள் வீட்டில் இன்றுவரை யாராவது எதையாவது ஆஹா ஓஹோ என்று புகழ ஆரம்பித்தால், சுந்தர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "முதல்ல என்ன எழுதியிருக்குன்னு பாரு" என்பார். நிவேதாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதையேதான் சொன்னார்.

கவாடா சான் தம்பதி ஜப்பான் திரும்பிய பிறகு, பருவத்துக்கு ஒன்றாக அந்த அம்மாளிடமிருந்து தபாலில் ஒரு தெனுகுய் வர ஆரம்பித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு, கஷ்டப்பட்டு எழுதிய ஆங்கிலத்தில். முதலாவதில், "இது வெறும் இலை." அடுத்ததில், "இது வெறும் பனி." அதற்கடுத்ததில், "இது வெறும் செர்ரிப் பூ." நம்பி மாட்டினேன்.

கோடைக்கு வந்த துணியைப் பிரித்தபோது, கருநீல இரவில் ஓர் ஓடை, அதன் மேல் மஞ்சள் புள்ளிகளாக மின்மினிகள். அவ்வளவு அழகு. சீட்டில் இப்படி எழுதியிருந்தது:

"மன்னிக்கவும். இதில் பூச்சி இருக்கிறது."