அப்பா, போன் எடுப்பா!

‘வணக்கம்’ என்றது போன்.

உதயா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். ஒன்பது வருஷமாக வீட்டில் ஒருவராகக் கிடந்த போன் திடீரென்று வணக்கம் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நம்மை யாரென்றே அதற்குத் தெரியவில்லை.

போதாக்குறைக்கு, ‘உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று மரியாதை வேறு.

“அடப்பாவி, நம்ம அப்பா போனுடா நீ” என்று அதனிடம் கிசுகிசுத்தாள். போன் மறுபடியும் வணக்கம் சொன்னது. அதன் மேல் ஏறிக்கொண்டிருந்த எறும்புகளில் நாலைந்து அவள் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தன.

அடுக்களையில் நின்றபடி ஹாலை எட்டிப் பார்த்தாள். ஆயுத பூஜை வடையையும் பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு அப்பா மோகன்ராஜ் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா ஜெயஸ்ரீ ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பூஜைப் பலகையில் அப்பாவின் ஸ்பேனர் செட், அம்மாவின் கத்தரிக்கோல், உதயாவின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. நடுவில் அப்பாவின் போன் இருக்க வேண்டிய இடம் மட்டும் மொட்டையாக இருந்தது.

எல்லாம் அந்தச் சந்தனத்தால் வந்த வினை.

இரும்புலியூரில் அந்த வீட்டில் போன் யாருக்கும் வாங்கப்படுவதில்லை, மேலிருந்து இறங்கும். அப்பா புதுசு வாங்கினால் அப்பாவுடையது அம்மாவுக்கு. அம்மாவுடையது உதயாவுக்கு. அப்படி இறங்கி உதயாவிடம் வந்து சேர்ந்திருந்த போனில் திரையின் கீழ்ப்பகுதி கறுத்துச் செத்துப்போயிருந்தது. வகுப்பு குரூப்பில் ‘நாளைக்கு மேத்ஸ் டெஸ்ட்’ வரைக்கும் தெரியும். அடுத்த வரியில் ‘கிடையாது’ என்று இருந்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில்தான் தெரிந்துகொள்வாள்.

அப்பா மனசு வைத்தால்தான் அவளுக்கு விடிவு. அப்பாவோ ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று பேரும் ஒரே பைக்கில் மேற்குத் தாம்பரம் போவார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு போன் கடை. அப்பா உள்ளே நுழைந்தாலே அங்கிருக்கும் பையன்களுக்குத் திடீரென்று குடோனில் வேலை வந்துவிடும். கடைசியாக மாட்டியவன் ஸ்ரீரங்கன் என்ற புதுப் பையன்.

“சார், இதுல கேமரா செமையா இருக்கும்.”

“என் மூஞ்சி அதேதானே தம்பி?”

“ஸ்பீடு சார். தொட்டா ஓபன் ஆகும்.”

“எனக்கு என்ன அவசரம்? தொட்டுட்டு ஒரு வாய் காபி குடிச்சா இதுவும் ஓபன் ஆவுது.”

ஸ்ரீரங்கனும் சளைக்கவில்லை. “பழசுல இருக்கற போட்டோ, வீடியோ எல்லாத்தையும் புதுசுக்கு நாங்களே மாத்திக் குடுத்துருவோம் சார். ஒண்ணு விடாம.”

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியா! பாப்பா ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட்ல மயில் டான்ஸ் ஆடினது, பல்லு விழுந்தப்போ எடுத்தது, எல்லாம் வந்துடுமா? ஏங்க, எடுங்க போன. அதையெல்லாம் பாத்தே எவ்ளோ நாளாச்சு. எப்ப கேட்டாலும் அப்புறம் காட்டறேன், அப்புறம் காட்டறேன்னு...”

அப்பாவின் முகம் சட்டென்று இருண்டது. போனைப் பாக்கெட்டுக்குள் தள்ளினார்.

“இன்னைக்கு அஷ்டமி. எலக்ட்ரிக் சாமான் வாங்கக் கூடாது.”

அப்படி ஒரு சாஸ்திரம் இருப்பது அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது. மூன்று பேரும் ஆளுக்கொரு கரும்புச் சாறு குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றைக்கே உதயா முடிவு பண்ணிவிட்டாள். அப்பாவின் போன் சாகக் கூடாது. செத்தால் அம்மாவுக்கு இறங்க ஒன்றும் இருக்காது, தனக்கும் எதுவும் வராது. ஆனால் அதற்கு உடம்பு முடியாமல் போகலாம். ஸ்பீக்கர் கொஞ்சம் கம்மினால் போதும்.

ஆயுத பூஜை அன்று, “சந்தனம் நான் வைக்கிறேன்மா” என்று முந்திக்கொண்டாள்.

“என்னடி திடீர்னு பக்தி?” என்றாள் அம்மா.

“பத்தாவதுல்ல. பயம் வந்துடுச்சு” என்றார் அப்பா பெருமையாக. ஒரு நாளாவது போனும் ஓய்வு எடுக்கட்டும் என்று அணைத்துப் பலகையில் வைத்தார்.

உதயா ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் ஒரு பெரிய பொட்டாக வைத்தாள். அவசரத்தில் பக்கத்திலிருந்த சார்ஜ் போடும் துளைக்கும் பிரசாதம் போய்விட்டது.

எல்லோரும் தூங்கியதும் எடுத்துப் பார்த்தாள். போன் பாதி எழுந்து, கம்பெனிப் பேரை மட்டும் காட்டிவிட்டு, அப்படியே நின்றுவிட்டது. இருமச் சொன்னால் இது மயங்கியே விழுந்துவிட்டது.

குண்டூசியால் குத்தினாள். சந்தனம் இன்னும் உள்ளே போனது. ஈரத் துணியால் துடைத்தாள். சந்தனம் கஞ்சியாகக் கரைந்து எல்லா ஓட்டைக்குள்ளும் இறங்கியது. நனைந்த போனை அரிசியில் புதைக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தாள். அரிசி டிரம் அம்மாவின் தலைமாட்டில் இருந்தது. பொரியும் அரிசிதானே? பூஜைப் பொரித் தட்டில் போனைப் புதைத்து, மேலே நன்றாக மூடிவைத்தாள். பொரியில் அம்மா நாட்டுச் சர்க்கரை கலந்திருந்தது, எறும்புகள் வரிசை கட்டி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கடைசியாகத் தன்னுடைய போனில் ஒரு வீடியோவைப் போட்டாள். மயங்கிய போனை எழுப்புவது எப்படி? இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினாள். வருகிற பட்டியலில் இதைத் தொடச் சொன்னார்கள். தொட்டாள். வீடியோவின் கீழே சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை ஓடியிருக்க வேண்டும். அவளுடைய போனில்தான் கீழே எதுவும் தெரியாதே.

‘வணக்கம்.’

பாஸ்வேர்டு கேட்டது. அதில் கஷ்டமே இல்லை. அப்பாவின் எல்லாப் பாஸ்வேர்டும் அவள் பிறந்த தேதிதான். அதை அடித்தாள். போன் திறந்தது. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. போட்டோ இல்லை. மயில் டான்ஸ் இல்லை.

அந்தக் குரலும் இல்லை.

அவள் ஒன்றாவது படிக்கும்போது பதிந்தது அது. அப்பா மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் ஃபேக்டரியில் ஷிப்டு. அங்கே மெஷின் சத்தத்தில் அம்மா கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார். ஒருநாள் அம்மா உதயாவை மடியில் உட்காரவைத்து, அந்தப் போனிலேயே பேசவைத்து ரிங்டோனாக வைத்துவிட்டாள். “அப்பா! போன் எடுப்பா! அம்மா திட்டும்பா!” ஃபேக்டரியே சிரித்ததாம். அதற்கப்புறம் சாயங்காலம் ஆனால் உதயா அம்மாவின் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிடுவாள், தன் குரலைத் தானே கேட்க. அப்பா பக்கத்து நாற்காலியில்தான் இருப்பார். எடுக்க மாட்டார். அது முழுசாக முடிகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “இன்னொரு வாட்டி அடி” என்பார்.

அப்புறம் அவள் வளர்ந்தாள். பேரண்ட்ஸ் மீட்டிங்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசும்போது அது அலறியது. “மாத்துப்பா, மானம் போவுது” என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறாள்! போன மழைக்காலத்தில் அம்மாகூட, “என்னங்க, குரல் ஒரு மாதிரி கீச்சுனு ஆயிடுச்சே. கடைசில நாய் வேற குலைக்குது?” என்று கேட்டாள். “ஸ்பீக்கர் பழசாயிடுச்சுல்ல. தெரு நாய் அப்பவே குலைச்சிருக்கும், உனக்குக் கேட்டிருக்காது” என்றார் அப்பா. மாற்றத்தான் இல்லை.

இப்போது அது உலகத்தில் எங்கேயுமே இல்லை. அழித்தது அவள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். தானே மறுபடி பதிந்துவிட்டால் என்ன? அவள் குரல்தானே அது?

“அப்பா. போன் எடுப்பா.”

போட்டுக் கேட்டாள். கந்து வட்டிக்காரர் வாசலில் நின்று கூப்பிடுவது மாதிரி இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கந்து வட்டிக்காரருக்கு ஜலதோஷம் பிடித்தது மாதிரி இருந்தது.

அப்போதுதான் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஷைனி தெரிந்தாள். பக்கத்து வீட்டு ஈவ்லின் அக்காவின் மகள். ஒன்றாம் வகுப்பு. நாய் டைகருக்குக் குட்டிகூரா பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஷைனி, அக்கா சொல்றத அப்டியே இந்த போன்ல சொல்றியா?”

“இன்னா தருவ?”

“சுண்டல் தரேன். பொரி தரேன்.”

“சாக்லேட்டு. போன தடவ குடுத்தா மாதிரி பெருசு.”

போன தடவை எது என்று உதயாவுக்குப் பிடிபடவில்லை. பர்த்டேயாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஒளித்துவைத்திருந்த தன் சாக்லேட்டை எடுத்து நீட்டினாள்.

“கேட்டுக்கோ. அப்பா, போன் எடுப்பான்னு...”

அவள் முடிக்கவே இல்லை. ஷைனி இடுப்பில் கை வைத்து, கண்ணை உருட்டி, ஒரே மூச்சில் கத்தினாள். “அப்பா! போன் எடுப்பா! அம்மா திட்டும்பா!”

‘லொள்’ என்றது டைகர்.

உதயாவுக்குச் சிலிர்த்துவிட்டது. தினமும் சுவர் தாண்டிக் கேட்டுக் கேட்டே குழந்தைக்கு மனப்பாடம் ஆகிவிட்டிருக்கிறது! நாய்கூட சரியான இடத்தில் ஒத்துழைக்கிறது! ஷைனியின் கன்னத்தில் ஒரு முத்தம், டைகரின் தலையில் ஒரு தட்டு. அப்பா புரண்டு படுப்பதற்குள் போன் ரிங்டோனோடும் புதுப் பொட்டோடும் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்து அப்பா போனை எடுத்து ஆன் செய்தார். பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். உதயா தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

“என்னங்க?” என்றாள் அம்மா.

“ஒண்ணும் இல்ல. ஏதோ... அப்டேட் வந்திருக்கு.”

“இருங்க, அடிச்சுப் பாக்கறேன். இவ அப்பின சந்தனம் உள்ள போயிருக்கப் போவுது.”

“வேணாம் வேணாம்!” என்று அப்பாவும் உதயாவும் ஒன்றாகக் கத்தினார்கள். அதற்குள் அம்மா அடித்துவிட்டாள்.

“அப்பா! போன் எடுப்பா! அம்மா திட்டும்பா!” லொள்.

அப்பா போனையே வெறித்தார். போன் தன்னைப் பார்த்துக் கண்ணடித்தது மாதிரி ஒரு முகம்.

“ஐயோ, எவ்ளோ தெளிவா கேக்குது!” அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “சாமிகிட்ட வச்சதுல ஸ்பீக்கரே சரியாயிடுச்சு பாருங்க. அதே குரல். நேத்து பேசினா மாதிரியே இருக்கு!”

“அதான்” என்றார் அப்பா, எச்சிலை விழுங்கி. “இதுக்குப் போய் புதுசு வாங்கணுமா?”

“வேணாங்க. இனிமே நானே கேக்க மாட்டேன்.”

இன்னும் ஒன்பது வருஷம் என்று உதயா மனசுக்குள் கணக்குப் போட்டாள். காலேஜ் முடிந்து வேலைக்குப் போகும்போதும் பாதித் திரை. பரவாயில்லை, திட்டு விழவில்லையே. ஆனால் போட்டோவெல்லாம் காணாமல் போனதைப் பார்த்தும் அப்பா ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? அவள் முகத்தைப் பார்ப்பதையே ஏன் தவிர்க்கிறார்? அதுதான் அவளுக்குத் திட்டைவிட பயமாக இருந்தது.

வாசலில் அப்பா பைக்கிலிருந்து சந்தனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் சீட்டின் மேல் கிடந்தது. சொல்லிவிடலாம் என்று உதயா பக்கத்தில் போனாள்.

“அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்...”

“அப்புறம் சொல்லுமா” என்றார் அப்பா அவசரமாக.

மதில் சுவருக்கு மேலே ஈவ்லின் அக்காவின் தலை முளைத்தது.

“இன்னா உதயா, நேத்து எங்கூட்டு ஷைனிய போன்ல பேச வச்சியாமே? வாயெல்லாம் சாக்லேட்டு.”

அப்பாவின் கையில் துணி நின்றது. “ஈவ்லின், பொரி எடுத்துக்கிறியா? நிறைய இருக்கு. எறும்பு மட்டும் கொஞ்சம்...”

அதற்குள் சீட்டின் மேல் போன் அடித்தது. உள்ளேயிருந்து அம்மாதான். ஒரு காரியமும் இல்லை, கேட்க ஆசை.

“அப்பா! போன் எடுப்பா! அம்மா திட்டும்பா!” லொள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிஜ டைகர் பதில் குலைத்தது.

ஈவ்லின் அக்கா தாடையில் கை வைத்துக்கொண்டாள். “இன்னாண்ணா இது? போன வருஷம்தான் செங்கல்பட்டு வண்டில போன தொலைச்சுட்டு, ஊட்ல தெரிஞ்சா பேஜாராயிடும்னு அதே மாதிரி செகண்டு ஹேண்டுல ஒண்ணு வாங்கினு வந்து, எங்க ஷைனிய கத்த வச்சு புடிச்சினு போனீங்க, அதுவும் பூட்ச்சா? அப்போ உதயாவோட நெஜக் கொரலு இப்போ எவன் பாக்கெட்டுல அப்பா அப்பானு கூப்டுகினு கீதோ?”