பம்பு மட்டும் நகர்ந்தது

'குழாய்ப் படம் வரைகிறேன்' என்று சொல்லிப் பெண் கேட்கப் போனால், 'பிளம்பரா?' என்றுதான் கேட்பார்கள். இல்லை என்று விளக்கி விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. (பிளம்பர் என்றே சொல்லியிருக்கலாம். மரியாதையும் கூடுதல், வருமானமும் கூடுதல்.)

கழக்கூட்டம் என்ற மலையாள ஊரில் ஒரு சின்ன கம்பெனி. தொழிற்சாலைகளுக்குக் குழாய்கள் எப்படி ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்போம். அந்த மென்பொருளில் தொட்டி, பம்பு, வால்வு ஒவ்வொன்றிலும் குழாய் வந்து சேருவதற்கென்று புள்ளிகள் உண்டு. நோடு என்போம். குழாயின் நுனி சரியாக அதன்மேல் உட்கார்ந்தால் புள்ளி பச்சையாகும். மயிரிழை தள்ளியிருந்தாலும் சிவப்பு. கண்ணுக்குத் தொட்ட மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒட்டியிருக்காது. அதைப் பெரிதாக்கி, நகர்த்தி, உட்காரவைத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. சாயங்காலம் ஹாஸ்டலுக்கு நடக்கும்போது பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தாலும் 'ஐயோ, இன்னும் ஒண்ணு' என்று தோன்றும்.

அப்போது நான் தகுதிகாண் பருவத்தில் இருந்தேன். நாகர்கோவிலில் சிவகாமியைப் பார்த்துப் பிடித்துப்போய், அவளுக்கும் எப்படியோ என்னைப் பிடித்துப்போய், அவள் அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: 'வேலை நிரந்தரமாகட்டும், நிச்சயதார்த்தம் வச்சுக்கிடலாம்.' அதனால் என் அப்பா தினமும் போன் செய்வார்.

"லேய், பெர்மனன்ட் ஆயிட்டா?"

"இல்லப்பா. இந்தப் பால் பண்ணைப் படம் முடியட்டும். பார்ட்டிக்குப் பிடிச்சா ஆக்கிருவாங்க."

அந்தப் படம் அம்மை போட்ட உடம்பு மாதிரி ஒரே சிவப்பு. உட்காரவைக்க உட்காரவைக்க வந்துகொண்டே இருந்தது. பண்ணைக்காரர் வரப்போகும் காலையில், மெனுவில் 'நோடுகளை மறை' என்று ஒன்று கண்ணில் பட்டது. அழுத்தினேன். படம் பளிச்சென்று ஆகிவிட்டது.

இதில் என் வளர்ப்புக்கும் பங்கு உண்டு. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், கட்டிலில் கிடக்கும் துணி, குடை, பழைய பேப்பர் எல்லாவற்றையும் பின் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவோம். வருகிறவர் பின் அறைக்கா போகப் போகிறார்?

"சிவப்பெல்லாம் போயோ?" என்று கேட்டார் என் மேலதிகாரி பிந்து மேடம்.

"போயிருச்சு மேடம்," என்றேன். பொய்யும் இல்லை.

பண்ணைக்காரர் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, நல்ல மனிதர். பெரிய திரையில் படத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரே ஒரு சந்தேகம்.

"மோனே, ஆ பம்பு கொஞ்சம் இடத்தோட்டு நீக்கிக்கே. பேரு காணுந்நில்லா."

பெயர் தெரியட்டும் என்று பம்பை இடது பக்கம் இழுத்தேன். ஒட்டியிருந்தால் குழாய்களும் கூடவே வந்திருக்கும். பம்பு மட்டும் வந்தது. குழாய்களெல்லாம் 'நீ போ, நாங்கள் வரவில்லை' என்று அதே இடத்தில் அந்தரத்தில் நின்றன.

அங்கே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பேன். விரல் சும்மா இருக்கவில்லை. 'அருகில் உள்ளதோடு இணை' என்றொரு பட்டன் இருந்தது, அழுத்திவிட்டேன். குழாய்கள் நாலா பக்கமும் பாய்ந்து, யார் பக்கத்தில் இருந்தார்களோ அவர்களைப் பிடித்துக்கொண்டன. மறைத்த புள்ளிகளும் தாமாகவே வெளியே வந்தன. எல்லாமே பச்சை! ஒரு சிவப்புகூட இல்லை! கழிவுநீர்க் குழாய் நேராகப் பால் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. பால், சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பண்ணைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார். "மோனே, ஈ பாலு ஆரு குடிக்கும்?"

பிந்து மேடம் திட்டவில்லை. "சாரமில்லா" என்றார். மலையாளத்தில் பரவாயில்லை என்று அர்த்தம். அவர் சொன்ன தொனியில் அந்த அர்த்தம் இல்லை. தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டது. நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது. அப்பா போன் செய்வதையே நிறுத்தினார். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

சிவகாமிதான் கூப்பிட்டாள். மழுப்பத் தெம்பில்லாமல் சிவப்பு, பச்சை, பால், சாக்கடை எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு நேரமானது. பிறகு கேட்டாள்:

"அப்பம் நம்ம விசயம் எப்படி? ஒட்டிருக்கா, சும்மா தொட்டுட்டு நிக்கா?"

"ஒட்டிருக்கு," என்றேன். அவள் தன் அப்பாவிடம் என்ன பேசினாளோ, அவர் காத்திருந்தார்.

அதன்பிறகு வரைந்த எதையும் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. பழக்கம் கைக்கு வந்துவிட்டது. கேஸ் டியூப், கதவுத் தாழ்ப்பாள், பையின் வார், எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பேன். அலுப்பான பழக்கம், விட முடியவில்லை.

ஒருவழியாக வேலையும் நிரந்தரமானது. கல்யாணத்தன்று என் வேட்டி நுனியையும் அவள் முந்தானையையும் முடிச்சுப் போட்டு, மணவறையைச் சுற்றி வரச் சொன்னார்கள். முதல் அடி வைக்கும் முன் என் கை தானாகப் போய் முடிச்சைப் பிடித்துச் சுண்டி இழுத்தது. சிவகாமி ஒரு அடி தள்ளாடி என்மேல் வந்து மோதினாள். வீடியோவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். அதில் அவள் சொல்வதும் தெளிவாகக் கேட்கும்:

"பச்சைதான். நடங்க."