ரோமாபுரி ஈட்டிக்கு ஒரு சங்கிலி

சரக்கு வாங்கும் பையர் ரோமாபுரியிலிருந்து வருகிறார் என்றால் வாசலில் ரோமாபுரிச் சிப்பாய் நிற்க வேண்டும் என்று, வீரபாண்டியிலுள்ள எங்கள் பனியன் கம்பெனி நிர்வாகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. நிர்வாகம் என்பது முதலாளி தண்டாயுதபாணி ஒருவர்தான். பையருக்கு வேஷம் கட்டிக் காட்டுவதுதான் இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மோஸ்தர்.

உசிலம்பட்டிக்காரரான டெய்லர் வீரணன் ஆறடி. கூப்பிட்டார்கள்.

"ஞாயித்துக்கெழம எம் மகளுக்குக் காதுகுத்து. லீவு குடுத்தா நிக்கிறேன்."

"குடுத்தாச்சு போ!"

அடுத்து ஈட்டி. கோயில் வேல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்பி அனுப்பினார். நாடக ஈட்டியின் அட்டைமுனை ஃபேன் காற்றுக்கே தலையாட்டியது. மூன்றாவது, இணையத்தில் படம் பார்த்து வெல்டிங் பட்டறையில் செய்தது. பாதி மரம், பாதி கம்பி. அசல் ரோமாபுரி ஈட்டி குத்தினால் வளைந்துகொள்ளுமாம், எதிரி எடுத்துத் திருப்பி எறியாதபடி. முதலாளி துணி ரோலில் குத்தினார். வளைந்தது.

"டேமேஜுங்க, ரிஜெக்ட்" என்றேன். என் வேலை செக்கிங்.

"வளையலீன்னாத்தான் ரிஜெக்ட்!"

அப்போது கம்ப்ளையன்ஸ் மேனேஜர் தமிழ்மதி எழுந்தார். விதிகளைக் காப்பது அவர் உத்தியோகம்.

"ஏனுங்க சார், கூர்மையான சாமானக் கட்டித்தான் வைக்கோணும்னு விதிங்க. கத்திரிக்கோலே மேஜையோட கட்டிக் கிடக்குது. ஈட்டிய மட்டும் சும்மா உடலாமுங்களா?"

"மேஜையோட கட்டிருங்க."

"வாசல்ல மேஜை போட்டா வழிய மறைக்குமுங்க. அதுவும் விதிங்க."

"வேறென்ன இருக்குது அங்கே?"

"வீரணன் இருக்காருங்க."

ஈட்டியை அவர் இடுப்போடு சேர்த்துச் சங்கிலி பூட்டினார்கள். சாவி ஆபீசில்.

பையரம்மா வந்தார். ஈட்டியைப் பார்க்கவே இல்லை, சங்கிலியைத்தான் பார்த்தார். நினைத்தால் வெளியே போக முடியுமா என்று வீரணனிடம் கேட்கச் சொன்னார்.

"சாவி ஆபீஸ்ல இருக்கு தாயி" என்றார் வீரணன்.

அம்மையார் கண்ணில் தண்ணீர். மனித உரிமை, ஆர்டர் ரத்து என்றார். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பேசினார்கள். வெளியே வந்ததும் அம்மையாரே சங்கிலியைக் கழற்றினார். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். நானே எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன், போங்கள்.

அப்புறம்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆர்டர் பிழைத்தது, ஆனால் பரிகாரமாக அம்மையாருக்குச் சரக்கு பத்து நாள் முன்னதாக வேண்டுமாம். அதுவரை ஒருத்தருக்கும் லீவு இல்லை.

"மேடம், காதுகுத்து..." என்றார் வீரணன், தமிழ்மதியிடம்.

"வீடியோ கால்ல பாத்துக்குங்க, கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்து, அப்பா எங்கே என்று அழுததாம். மிஷினில் செல்போன் கூடாது என்பதும் விதி. அதை மீறி வீரணன் வீடியோ கால் பார்க்கவில்லை. மற்ற விதிகளைப் போலவே, அதையும் நாங்கள் யாரும் ஏனென்று கேட்கவில்லை.