கப்பலுக்கு முந்திப் போகிறவர்

மனிதர்களில் புறப்படுகிறவர்கள் ஒரு வகை, புறப்பட ஏற்பாடு செய்கிறவர்கள் இன்னொரு வகை. நான் சொல்ல வந்தது இரண்டாவது இனத்தைப் பற்றி. பிரிக்பீல்ட்சில் சாப்பாட்டுக் கடை மேசைக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. தே தாரேக் குடித்தபடி "நாளைக்குக் காஜாங் போறேன்" என்று வாய் தவறிச் சொல்லிப் பாருங்கள். சாத்தே சாப்பிடவா, சம்பந்தம் பேசவா என்றெல்லாம் கேட்க மாட்டார். "எந்த ரூட்டு?" என்பார். அதோடு உங்கள் தேநீர் ஆறிவிடும்.

பள்ளி விடுமுறையா, பந்தாட்டம் உண்டா, மந்திரி யாராவது எங்கேயாவது எதையாவது திறந்துவைக்கிறாரா, செராசில் மழை பெய்தால் கிள்ளானில் எப்போது பெய்யும் என்று ஊரெல்லாம் விசாரித்து, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் "எதுக்கும் ஒரு கால் மணி நேரம் கூட வெச்சிக்குவோம்" என்று சேர்த்துக்கொண்டே போவார். கால் மணி நேரங்கள் குட்டி போடும். கடைசியில் மதிய விருந்துக்கு விடியலில் போய், பூட்டிய மண்டபத்தின் முன் நின்று, "பார்த்தியா, ரோட்டுல ஜேமே இல்ல" என்று மனைவியிடம் பெருமைப்படுவார். எப்படி இருக்கும்? ஜேமை உண்டாக்குகிற ஜனங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லையே.

எங்கள் அடுக்குமாடிக் கொண்டோவில் இந்த இனத்தின் தலைவர் பாலன் அண்ணன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்; ரோட்டிலிருந்து இன்னும் ஓய்வுபெறவில்லை. அவர் மனைவி லோகேஸ்வரி அக்கா கிள்ளானில் பிறந்தவர், கப்பல் ஊதும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர், ஆனால் ஒரு கப்பலிலும் ஏறியதில்லை. மேல்தட்டில் நின்று, தான் பிறந்த ஊர் சின்னதாகிக்கொண்டே போவதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகள் ஷாமினி கிள்ளான் துறைமுகத்திலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் உல்லாசக் கப்பலுக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்துத் தந்தாள். அக்கா நீச்சலுடை வாங்கலாமா என்று யோசித்தார். அண்ணன் வரைபடத்தை விரித்தார்.

கொம்யூட்டர் ரயில் வேண்டாம், அது கொண்டுபோய் விடும் இடத்தில் பூலாவ் கெத்தாம் தீவுக்குப் போகும் படகுதான் நிற்கும், நம் கப்பல் நிற்பது பூலாவ் இண்டாவில் என்று கண்டுபிடித்தார். இதற்காக அவரைப் பாராட்டவே வேண்டும். அத்தோடு நின்றாரா? முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஒத்திகை பார்த்தார். துறைமுக வாசலைத் தொட்டு, காரைத் திருப்பி, அப்படியே வீட்டுக்கு வந்தார்கள். அக்கா மடியில் வைத்திருந்த மீகோரெங் பொட்டலத்தை எங்கே நிறுத்தித் தின்பது என்று மட்டும் திட்டத்தில் இல்லை.

அப்புறம்தான் பஞ்சாங்கம் குறுக்கே விழுந்தது. கப்பல் கிளம்புவது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக் கூடாது. துறைமுகமோ மேற்கே. கப்பல் கம்பெனிக்குச் சூலம் பார்க்கத் தெரியவில்லை. ஆனால் நம் பெரியவர்கள் இதற்கும் வழி வைத்திருக்கிறார்களே, அதுதான் பரஸ்தானம்: நல்ல நாளில் நல்ல நேரத்தில் கொண்டுபோகிற மூட்டை ஒன்றை, போகும் திசையில் உள்ள வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. எங்கள் மாடியில் மேற்கே இருக்கிற ஒரே வீடு இர்ஃபானுடையது. கீழக்கரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பையன். சனிக்கிழமை காலை அண்ணன் அவன் கதவைத் தட்டினார்.

"தம்பி, இந்தப் பை இங்க இருக்கட்டும். இது கிளம்பிடுச்சு. நாங்க நாளைக்கு வந்து சேந்துக்குறோம்."

"சரி அங்கிள்" என்று இர்ஃபான் வாங்கிக்கொண்டான். பாவம், தூக்கக் கலக்கம்.

பழைய துண்டையோ சட்டையையோ வைத்தால் பயணம் நம்பாது என்று அண்ணன் அந்தப் பையில் வைத்தது இரண்டு பாஸ்போர்ட்டையும்.

மறுநாள் விடியலில் வாட்ஸ்அப்பில் லோரி கவிழ்ந்த படம் ஒன்று வந்தது. எந்த ரோடு, எந்த வருஷம் என்று அதில் இல்லை. அண்ணனுக்கு அது தேவையும் இல்லை. வைத்திருந்த கால் மணிகளோடு இன்னும் பலவற்றைச் சேர்த்து, பல் துலக்கிக்கொண்டிருந்த அக்காவை இழுத்துக்கொண்டு, சாலாக் செலாத்தான் பக்கம் கிழக்கே கொஞ்சம் போய்ச் சூலத்தை ஏமாற்றி, கேசாஸ் நெடுஞ்சாலை பிடித்துத் துறைமுகம் வந்து சேர்ந்தார். காவலாளி கொட்டாவி விட்டார்.

"பாஸ், கப்பலே இன்னும் வரலலா."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "பார்த்தியா?" என்றார்.

"பாஸ்போர்ட்ட எடுத்துக் கையில வெச்சிக்கிங்க" என்றார் அக்கா.

ஒளி அணைந்தது. மறதி என்று சொல்லாதீர்கள். அந்தப் பை நேற்றே புறப்பட்டுவிட்டது, அவர் கணக்கில்.

இர்ஃபான் போனை எடுக்கவில்லை. உடனே திரும்பிப் போயிருந்தால் இரண்டு தடவை போய் வந்திருக்கலாம். ஆனால் ஃபெடரல் நெடுஞ்சாலையா கேசாஸா, போகும்போது அவன் எதிரே வந்துவிட்டால், வீட்டிலேயே இல்லாவிட்டால் என்று அண்ணன் வழி போட ஆரம்பித்தார். அவர் போட்டு முடிப்பதற்குள் கப்பல் வந்தது. கொண்டோவைப் படுக்கவைத்ததுபோல் வெள்ளையாக, நீளமாக வந்து நின்றது. ஜனங்கள் வந்தார்கள், வரிசை நின்றது, நகர்ந்தது. அக்கா பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது.

"நான் வீட்டுக்குப் போறேங்க. அதுக்கும் ஒரு ரூட்டு போட்டுக் குடுங்க" என்றார்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணனிடம் ரூட் இல்லை.

அப்போது போன் அடித்தது. இர்ஃபான்தான். "இப்பதான் எழுந்தேன் அங்கிள். பை இங்கதான் இருக்கு. பதறாதீங்க, குளிச்சிட்டு வரேன்."

"குளிக்காதப்பா" என்றார் அண்ணன். மன்றாடினார் என்று சொல்வதே சரி.

வந்தான். வரிசையின் வால் உள்ளே நுழைவதற்குள் வந்துவிட்டான். ஒத்திகை இல்லை, பஞ்சாங்கம் இல்லை, இடையில் ரொட்டி சானாய் கட்டிக்கொள்ளவும் நேரம் இருந்திருக்கிறது. பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்தான். பையை அண்ணனிடம் நீட்டினான். அண்ணன் அதை வாங்கவில்லை.

"எந்த ரூட்ல வந்தே?"

"தெரியல அங்கிள். போன் திரும்பச் சொன்னப்ப திரும்புனேன்."

"ஃபெடரலா?"

"இருக்கலாம் அங்கிள்."

"சுத்து வழிப்பா அது" என்றார் அண்ணன்.

அக்கா எழுந்து, பையை இர்ஃபான் கையிலிருந்து வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கப்பலை நோக்கி நடந்தார். வழி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

லிஃப்டில் அக்கா சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். கிள்ளான் சின்னதாகிக்கொண்டே போனதை ஆசை தீரப் பார்த்தாராம். அண்ணனும் பக்கத்தில் நின்று, இறங்குகிற அன்று எந்த டோலில் கூட்டம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அண்ணன் சாலாக் செலாத்தான் பக்கம் சுற்றினார் என்று படித்தபோது, "ஞாயித்துக்கெழம காலையில அந்தப் பக்கம் ஏன் போனாரு, நேரா ஃபெடரல் பிடிச்சிருக்கலாமே" என்று மனசுக்குள் திருத்தினீர்களா, இல்லையா? சரி, நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் பாஸ்போர்ட் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.